அமைச்சர் பதவி விலகிய பின்னும்: குழந்தைகள் காப்பக வழக்கு ஒன்றைக் கடைசி வரை பின்தொடர்வது எப்படி

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நடந்த கொடுமை வெளியே வந்தால், முதல் இரண்டு வாரங்களுக்கு அது முதல் பக்கச் செய்தியாக இருக்கும். சட்டமன்றத்தில் அமளி நடக்கும், எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்யும், துறை அமைச்சர் பதவி விலக வேண்டும் என்ற குரல் வலுக்கும், ஒரு நாள் அவரும் விலகிவிடுவார். அத்துடன் நாம் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறோம். சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு உள்ளான, பீகாரின் முசாஃபர்பூர் சிறுமியர் காப்பக வழக்கில் சமூக நலத் துறை அமைச்சர் மஞ்சு வர்மா பதவி விலகியது 2018 ஆகஸ்ட் 8 அன்று. ஆனால் அந்த வழக்கில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தத் தேதிக்குப் பிறகே நடந்தது. வழக்கு மாநிலத்தை விட்டே வெளியேறியது, விசாரணையை மேற்பார்வையிட்ட அதிகாரியை மாற்றியதற்காக சிபிஐயின் உயர் அதிகாரி ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் மூலையில் உட்கார வைக்கப்பட்டார், குழந்தைகளைக் காக்க நியமிக்கப்பட்டவர்களே குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது, பதவி விலகிய அமைச்சருக்கு அடுத்த தேர்தலில் மீண்டும் கட்சிச் சீட்டும் கிடைத்தது.

இத்தகைய வழக்கு ஒன்றைக் கடைசி வரை பின்தொடர விரும்பும் உள்ளூர்ச் செய்தியாளர்கள், தொண்டு அமைப்பினர், சட்ட மாணவர்கள், தம் ஊர்க் காப்பகத்தின் மீது அக்கறை கொண்ட எவருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. முசாஃபர்பூர் வழக்கை நெடுகிலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஏனெனில் அதன் ஒவ்வொரு கட்டமும் பொது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காப்பகத்தில் இப்போதே குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், ஆவணம் தேடுவது உங்கள் முதல் வேலை அன்று. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ உள்ளூர்க் காவல் நிலையத்தையோ உடனே அழையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கான போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமின்றி, நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் தகவல் தர வேண்டும் என்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தம் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை நீளும். ஆதாரம் முழுமையாகச் சேரட்டும் என்று காத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை.

முதல் ஆவணமும் அதன் தேதியும்

ஒவ்வொரு வழக்கிலும், யாரோ ஒருவர் எங்கோ எழுதி வைத்த முதல் தாள் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள். முசாஃபர்பூரில் அது மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழு தந்த சமூகத் தணிக்கை அறிக்கை, அதாவது வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லங்களுக்கு நேரில் சென்று ஆராய்ந்து எழுதியது. பீகார் அரசின் சமூக நலத் துறையே கேட்டுக்கொண்டதன் பேரில், 2017இல் இந்தக் குழுவினர் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 110 காப்பகங்களுக்குச் சென்றார்கள். சுமார் நூறு பக்கம் கொண்ட அந்த அறிக்கையில் முசாஃபர்பூர் சிறுமியர் இல்லத்துக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தாம். அந்த இல்லம் மிகவும் ஐயத்துக்குரிய முறையில் நடப்பதாகவும், அங்குள்ள சிறுமிகள் கடுமையான வன்முறையைப் பற்றிச் சொன்னதாகவும் அவ்வரிகள் கூறின. எல்லாக் கோப்புகளையும் போல அதுவும் ஒரு கோப்பாக அடங்கிப் போயிருக்கலாம்.

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது தேதிகளை அருகருகே எழுதிப் பார்ப்பது. அறிக்கை அரசின் கைக்கு வந்தது 2018 ஏப்ரல் மாத இறுதியில். முதல் தகவல் அறிக்கை பதிவானது மே 31 அன்று. இடையில் ஒரு மாதம் ஓடியிருக்கிறது. சிறுமிகள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டது அந்த மாதத்தின் கடைசி நாட்களில்தான். கொடுமை நடப்பதாக அரசுக்கே எழுத்தில் தெரிந்த பிறகும் அந்தச் சிறுமிகள் அதே கட்டடத்தில் எத்தனை இரவுகள் தூங்கினார்கள் என்பதே எந்தக் காப்பக வழக்கிலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று நான் கருதுகிறேன். அரசியல் பொறுப்பு என்பதை மேடைப் பேச்சிலிருந்து பிரித்து அளக்க உதவும் அளவுகோல் இந்த இடைவெளி. யார் மேசையில் கோப்பு எத்தனை நாள் இருந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற முடியும். கோப்பு நகர்வுக் குறிப்பு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது, செய்தியான ஓர் இல்லத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கோஷிஷ் அறிக்கை, உடனடிக் கவனம் தேவைப்படும் வேறு பல இல்லங்களையும் சுட்டியிருந்தது. முசாஃபர்பூர் மட்டும் ஊர் வாயில் விழுந்ததால், மற்ற இல்லங்களின் மீதான வழக்குகள் மாதக்கணக்கில் மெத்தனமாகவே நடந்தன. 2018 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் 16 இல்லங்களின் வழக்குகளையும் சிபிஐக்கு மாற்ற உத்தரவிட்ட பின்னரே அவை மீண்டும் பேசப்பட்டன.

அறிக்கை தயாரித்தவர்கள் குழந்தைகளிடம் எப்படிப் பேசினார்கள் என்பதையும் பாருங்கள். ஊழியர்கள் சூழ நிற்க, வரிசையில் நிறுத்திக் கேட்ட கேள்விகளுக்கு எந்தக் குழந்தையும் உண்மை சொல்லாது. வழக்கமான அரசு ஆய்வுகள் பலமுறை நடந்த இல்லங்களில் எதுவும் தெரியாமல் போனதும், வெளியிலிருந்து வந்த குழு சிறுமிகளோடு உட்கார்ந்து பேசியதும் தெரிய வந்ததும் தற்செயல் அன்று.

சமூகத் தணிக்கை என்ற இந்த வழிமுறையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி வந்த செய்தியை ஒட்டி, 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடங்கியது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாட்டு அனாதை இல்லங்கள் இடம்பெற்றன. நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா அமர்வு 2017 மே 5 அன்று அதில் தந்த தீர்ப்பு, நாடு முழுவதும் குழந்தைகள் இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும், அவை சமூகத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. உங்கள் மாவட்ட அலுவலர் யாராவது வெளியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், அந்தத் தீர்ப்பின் தேதியைச் சொல்லுங்கள்.

எந்தப் பிரிவுகள் போடப்பட்டன?

வழக்குப் பதிவு செய்யப்பட்டது என்ற செய்தியோடு மனம் ஆறிவிடக் கூடாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுகளில் என்று கேட்க வேண்டும். 2018 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் பீகார் அரசைக் கடுமையாகக் கண்டித்ததற்குக் காரணமே இதுதான். அறிக்கையில் பாலியல் கொடுமை பற்றிய விவரம் இருந்தும், பல இல்லங்களின் மீது இலகுவான பிரிவுகளில் மட்டுமே வழக்குப் பதிவாகியிருந்தது. போக்சோ பிரிவுகளைச் சேர்க்க நீதிமன்றம் 24 மணி நேர அவகாசம் தந்தது. பிரிவுகள் மென்மையாக இருந்தால் ஜாமீன் எளிது, தண்டனை குறைவு, சாட்சிகளுக்கு அச்சம் அதிகம். முதல் தகவல் அறிக்கைகள் பொதுவாகக் காவல் துறை இணையதளத்தில் கிடைக்கும் என்றாலும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களின் அறிக்கைகள் அங்கே ஏற்றப்படுவதில்லை. அது சரியான விலக்கு. இவற்றில் பிரிவுகளின் பட்டியலை மட்டும் காவல் துறையிடமோ அரசுத் தரப்பு வழக்கறிஞரிடமோ கேட்டறிவதே முறை.

குழந்தையின் அடையாளம்

இதில் தவறினால், நல்லெண்ணத்தோடு எழுதுபவரும் குற்றவாளியாகிவிடுவார். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடை செய்கின்றன. முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று தொலைக்காட்சிகள் நினைத்தன. 2018 ஆகஸ்ட் 2 அன்று இந்த வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், மங்கலாக்கிய படங்களைக்கூட ஒளிபரப்பக் கூடாது என்றும், அந்தச் சிறுமிகளைச் செய்தியாளர்கள் பேட்டி காணக் கூடாது என்றும் உத்தரவிட்டது. ஒரு சிறுமி, தனக்கு நடந்ததை ஒலிவாங்கி நீட்டும் ஒவ்வொருவரிடமும் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது; சொல்ல வைப்பது இன்னொரு கொடுமை.

அதே வேளையில், அடையாளக் காப்பு என்ற பெயரில் வழக்கையே மூடி மறைக்கும் முயற்சிகளும் நடக்கும். பாட்னா உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் இந்த விசாரணை பற்றி ஊடகங்கள் எழுதவே தடை விதித்தது. செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முழுத் தடையை நீக்கியது. குழந்தையைப் பற்றி எழுதக் கூடாது, வழக்கைப் பற்றி எழுதலாம் என்ற கோட்டை மனதில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வதந்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுமி ஒருத்தி கொன்று புதைக்கப்பட்டாள் என்ற தகவலை ஒட்டி, 2018 ஜூலையில் அந்த இல்லத்தின் வளாகத்தைக் காவல் துறையினர் தோண்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் புதைகுழி என்ற சொல் நாடெங்கும் பரவியது. கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிறுமிகள் உயிருடன் கண்டறியப்பட்டதாக 2020 ஜனவரியில் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மருத்துவப் பரிசோதனையில் 34 சிறுமிகளின் மீதான கொடுமை உறுதியாகியிருந்த நிலையில், உறுதிப்படாத ஒன்றைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு நீங்களே ஒரு ஆயுதம் எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

அரசியலை எப்படிப் படிப்பது

குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது குற்றம் செய்தவர்கள், இரண்டாவது மேற்பார்வையில் தவறியவர்கள், மூன்றாவது அரசியல் பொறுப்பு. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் வழக்கு குழம்பிவிடும். அந்தக் குழப்பம் எப்போதும் ஆட்சியில் இருப்பவர்களுக்கே உதவும்.

மஞ்சு வர்மா பதவி விலகியது, இல்லத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூருடன் அவருடைய கணவர் சந்திரசேகர் வர்மா தொலைபேசியில் பலமுறை பேசியிருந்த விவரம் வெளிவந்ததால். பிறகு பேகுசராய் மாவட்டத்தில் உள்ள அவர்கள் வீட்டில் சிபிஐ சோதனை நடத்தியபோது துப்பாக்கித் தோட்டாக்கள் கிடைத்தன. கணவன் மனைவி இருவர் மீதும் ஆயுதச் சட்ட வழக்குப் பதிவானது. அந்த வழக்கில் முன்னாள் அமைச்சரை மாநிலக் காவல் துறையால் பல வாரங்கள் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லப்பட்டபோது, காவல் துறைத் தலைவரே நேரில் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பர் 20 அன்று அவர் சரணடைந்தார். இல்லத்தில் நடந்த கொடுமைக்கான வழக்கில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர். ஆயுத வழக்கு வேறு, பதவி விலகல் வேறு, சிறுமிகளின் வழக்கு வேறு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் பேச்சாளர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவரிடமிருந்து குறிப்பு எடுக்காதீர்கள்.

2020 சட்டமன்றத் தேர்தலில் ஐக்கிய ஜனதா தளம் அவருக்குச் செரியா பரியார்பூர் தொகுதியில் மீண்டும் வாய்ப்பளித்தது. அவர் தோற்றார். பதவி விலகல் என்பது கட்சியின் பார்வையில் எவ்வளவு தற்காலிகமானது என்பதை அடுத்த வேட்பாளர் பட்டியல்தான் காட்டும். ஆகவே ஒரு அமைச்சர் விலகும் நாளில், அடுத்த தேர்தல் நடக்கவிருக்கும் ஆண்டையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை அமைப்பை மாற்றினால் நீதி கிடைத்துவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். சிபிஐ விசாரணை வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் போராடின, 2018 ஜூலை இறுதியில் அதுவும் வந்தது. ஆனால் விசாரணையை மேற்பார்வையிட்ட ஏ.கே. சர்மாவை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், அப்போது இடைக்கால இயக்குநராக இருந்த நாகேஸ்வர ராவ் பொறுப்பில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். 2019 பிப்ரவரி 12 அன்று நீதிமன்ற அவமதிப்புக்காக ராவுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்த தலைமை நீதிபதி அமர்வு, அன்று நீதிமன்றம் கலையும் வரை அவரை அவையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கச் சொன்னது. அந்த இடமாற்ற ஆணையை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் பதறுகிறது. விசாரணை அதிகாரியின் பெயரையும் பதவியையும் குறித்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் அதே இடத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

காவலர்களைக் காவல் காப்பது

இந்த வழக்கின் தீர்ப்பில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். 2019 பிப்ரவரியில் டெல்லி சாகேத் போக்சோ நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட வழக்கில், 2020 ஜனவரி 20 அன்று 20 பேரில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பிப்ரவரி 11 அன்று தாக்கூருக்கு இயற்கை மரணம் வரை ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. அந்த 19 பேரில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு நீதிபதி போலச் செயல்பட வேண்டிய மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும் ஒருவர். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் இருந்தார். நடப்பதைக் காவல் துறைக்குச் சொல்லாமல் இருந்ததற்காக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அதிகாரி ஒருவர் ஆறு மாதத் தண்டனை பெற்றார். அந்தச் சிறுமிகள் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்?

எனவே உங்கள் மாவட்டத்தில் வழக்கு எதுவும் வரும்வரை காத்திராமல், மேற்பார்வை நடக்கிறதா என்று பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, மூன்று பேருக்குக் குறையாத ஆய்வுக் குழு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு இல்லத்துக்கும் செல்ல வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம் இருக்க வேண்டும். 41ஆம் பிரிவின் கீழ் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவை மூன்றையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

கேள்விகளை நீளமாக எழுதாதீர்கள், கருத்தும் கேட்காதீர்கள். “கடந்த இரண்டு ஆண்டுகளில் மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்திலும் ஆய்வு நடந்த தேதி, சென்ற உறுப்பினர்களின் பதவி, ஆய்வறிக்கையின் நகல், குழந்தைகளின் பெயர்களை மறைத்துத் தருக” என்பது போதுமானது. பெயர்களை மறைத்து என்று நீங்களே எழுதிவிட்டால், தனிநபர் தகவல் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்வது கடினம். கேட்பது வழக்கில் உள்ள குறிப்பிட்ட இல்லத்தைப் பற்றியது என்றால், விசாரணைக்கு இடையூறு என்ற காரணம் காட்டக்கூடும். மாவட்டத்தின் எல்லா இல்லங்களையும் சேர்த்துக் கேட்பது அதற்காகத்தான்.

நான் ஒருமுறை இப்படிக் கேட்டு, பல மாதம் கழித்து மேல்முறையீட்டில் பெற்ற நகல்கள் நான்கு தாள்கள். நான்கு ஆய்வுகள், நான்கு தேதிகள், நான்கிலும் ஒரே கையெழுத்தில் ஒரே வாக்கியம்: “குழந்தைகள் மகிழ்ச்சியாக உள்ளனர், குறைகள் ஏதும் இல்லை.” மருத்துவ அலுவலருக்கான கட்டம் நான்கிலும் காலியாக இருந்தது. மூன்றாவது ஆய்வு நடந்ததாக எழுதப்பட்டிருந்த தேதியை நாட்காட்டியில் பார்த்தேன். அது தீபாவளி நாள். அந்த இல்லத்தில் தவறு நடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் தவறு நடந்திருந்தால் அந்தத் தாள்கள் அதைக் காட்டியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியும். தாள்களை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு எழுதினேன். ஆய்வுகள் மருத்துவரோடு நடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தீர்ப்புக்குப் பின் குழந்தைகள் எங்கே?

போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த முப்பது நாளில் குழந்தையின் சாட்சியத்தையும், இயன்றவரை ஓராண்டுக்குள் முழு விசாரணையையும் முடிக்கச் சொல்கிறது. இந்த இரண்டு தேதிகளையும் மின்னணு நீதிமன்றத் தளத்தில் வழக்கின் அடுத்த வாய்தா நாளோடு ஒப்பிட்டு வாருங்கள். வாய்தாக்களுக்கு நடுவில் சாட்சிகளான குழந்தைகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். முசாஃபர்பூர் சிறுமிகள் மாற்றப்பட்ட இல்லங்களில் ஒன்றான மொகாமாவிலிருந்து 2019 பிப்ரவரியில் ஏழு பேர் காணாமல் போனார்கள். அவர்களில் சிலர் இந்த வழக்கின் சாட்சிகள். பெரும்பாலோர் விரைவில் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்றாலும், மீட்கப்பட்ட குழந்தைக்கு நாம் தருவது பெரும்பாலும் இன்னொரு பூட்டிய கதவைத்தான் என்பதை அந்தச் செய்தி எனக்கு உணர்த்தியது.

2019 செப்டம்பரில், கோஷிஷ் குழுவின் அறிக்கையின் பேரில், முசாஃபர்பூர் இல்லத்தின் 44 சிறுமிகளில் எட்டுப் பேரைக் குடும்பத்தினரிடம் ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அவர்களுக்குப் பண உதவியும் மருத்துவ உதவியும் அளிக்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நீங்கள் பின்தொடரும் வழக்கிலும், தீர்ப்பு வந்து ஓராண்டு கழித்து ஒரு மனு எழுதுங்கள். இழப்பீடாக ஆணையிடப்பட்ட தொகை எவ்வளவு, அதில் குழந்தைகளின் கணக்கில் சேர்ந்தது எவ்வளவு, குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி பின்பராமரிப்பு உதவி கிடைத்தது? எண்ணிக்கைகள் மட்டும் கேளுங்கள், பெயர்கள் வேண்டாம். அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் இல்லத்தில் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்றால், விடுபட்டவர்களைப் பற்றி அடுத்த மனுவை எழுதுங்கள்.